ஆன் ஆகுது, ஆஃப் ஆகுது, மறுபடி ஆன் ஆகுது... ரீஸ்டார்ட் சுழலில் சிக்கிய சர்வரை மீட்பது எப்படி?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. அமெரிக்காவைச் சேர்ந்த 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. புதுப்புதுத் தாக்குதல்களை அடையாளம் காண அடிக்கடி அனுப்புகிற வகைதான். கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்க நீலத் திரை. கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், விண்டோஸ் லோகோ வரும், மறுபடி நீலத் திரை, மறுபடி ரீஸ்டார்ட்.

தவறு தெரிந்து 10.57 மணிக்கே அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மொத்தம் 78 நிமிடங்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆனால், அவை இருந்த இடங்கள் அப்படி: விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள், டி.வி. சேனல்கள். நம் ஊர் விமான நிலையங்களில் பேனாவால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ் படங்கள் அன்று வைரல் ஆனது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் அடுத்த சில நாள்களில் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்தது.

அப்டேட்டை ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெற்றாயிற்று. பிறகு ஏன் நாள் கணக்கில் தவித்தார்கள்? ரீஸ்டார்ட் சுழல் என்றால் என்ன என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

திருத்திய ஃபைல் இன்டர்நெட்டில் தயாராக இருந்தது. அதை இறக்கிக்கொள்ள கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து நிற்க வேண்டுமே! எழுவதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக எழும். பாதுகாப்பு சாஃப்ட்வேர் மற்றவர்களுக்கு முன்பே எழுந்து வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வைரஸ் அதற்கு முன் உள்ளே வந்துவிடும். அதனால் அதற்கு விண்டோஸின் மையப் பகுதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். அன்று நடந்த பிழை, பந்தியில் 20 இலை போட்டுவிட்டு 21-வது இலைக்குப் பரிமாறப் போனது போன்றது. 20 தகவல்கள் மட்டுமே கொடுக்கப்பட்ட இடத்தில் 21-வதைத் தேடியது சாஃப்ட்வேர். சாதாரண ஆப் என்றால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மையப் பகுதியில் இப்படி நடந்தால், மேலும் சேதம் ஆகாமல் இருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதுதான் நீலத் திரை. நின்றதும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். தவறான ஃபைல் டிஸ்கிலேயே இருப்பதால் அதே படியில் மறுபடி தடுக்கி விழும்.

தீர்வு என்னவோ ஐந்து நிமிட வேலைதான். 'சேஃப் மோட்' என்ற முறையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் மிக அவசியமானவை மட்டும்தான் எழும், மற்றவை தூங்கும். அப்போது கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டருக்குள் போய், பெயரில் 291 என்ற எண் இருக்கும் அந்த ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனால், ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டும். ஐ.டி. ஊழியர்கள் அந்த வார இறுதியை அப்படித்தான் கழித்தார்கள்.

கிளவுட் சர்வர்களுக்கு அந்த வசதியும் இல்லை. எங்கோ இருக்கும் டேட்டா சென்டரில் ஓடும் சர்வருக்கு, எதிரே போய் உட்கார்ந்து தட்ட கீபோர்டு ஏது? அங்கே வேறு வழி. விழுந்துகொண்டிருக்கும் சர்வரின் டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு சர்வரில் கூடுதல் டிஸ்காக இணைப்பது, ஃபைலை அழிப்பது, மறுபடி பழைய இடத்தில் மாட்டுவது. எல்லாம் ஸ்கிரீனில் செய்கிற 'கழற்றல் மாட்டல்'தான். பொறுமையாக ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதும் சிலருக்குப் பலித்தது. 15 முறை வரை தேவைப்படலாம் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. கேலிக்கு ஆளான அந்த ஆலோசனைக்குக் காரணம் இருந்தது. விழுவதற்கு முந்தைய சில விநாடிகளில் நெட்வொர்க் கிடைத்துவிட்டால் திருத்திய ஃபைல் இறங்கிவிடும். வைஃபையைவிட கேபிள் இணைப்பு சீக்கிரம் கிடைக்கும் என்பதால், கேபிளை மாட்டச் சொன்னார்கள்.

பெரிய தலைவலி 'பிட்லாக்கர்'. லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி அது. சேஃப் மோடுக்குள் நுழைய பல கம்ப்யூட்டர்களில் 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்பட்டது. அந்தச் சாவிகள் இருந்த சர்வரும் அதே சுழலில் சிக்கினால்? சில நிறுவனங்களில் அதுவும் நடந்தது. ஆஸ்திரேலியாவில் கிராண்ட் தார்ன்டன் நிறுவனத்தின் ஐ.டி. குழு செய்த வேலை ரசிக்கத்தக்கது. 48 இலக்கங்களையும் பார்கோடாக மாற்றி ஸ்கிரீனில் காட்டி, பில் போடும் கடைகளில் இருக்கும் ஸ்கேனரால் படிக்க வைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான்.

இவ்வளவையும் ஏதோ பெரிய நிறுவனங்களின் கதை என்று தள்ளிவிட முடியாது. தெருமுனை மருந்துக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டரும், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரும், பத்து வருட போட்டோக்கள் இருக்கும் வீட்டு லேப்டாப்பும் இதே சுழலில் சிக்குகின்றன. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழுவது, "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பதுதான். சுலபமான வழி, அவருக்கு. கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்வது அது.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் படியில் விழுகிறது என்பதை. லோகோ வருவதற்கு முன்பே அணைந்தால் பெரும்பாலும் விண்டோஸ் மீது பழி இல்லை. ரேம் சரியாக உட்காராதது, பவர் சப்ளை பலவீனமாவது, பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்துச் சூடாவது, ஆயுள் முடிந்த யூ.பி.எஸ். பேட்டரி என்று சந்தேகம் மின்சாரப் பக்கம் போக வேண்டும். அந்த நேரத்தில் ஃபார்மட் போட்டாலும் பயன் இல்லை, டேட்டாதான் போகும். லோகோ வந்த பிறகு விழுந்தால், கடைசியாக என்ன மாறியது என்று யோசிக்கலாம். புது பிரின்டர் டிரைவரா, நேற்று இரவு வந்த அப்டேட்டா, புது ஆன்டிவைரஸா? பென் டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்ப்பதில் செலவே இல்லை.

தொடர்ந்து சில முறை எழ முடியாமல் போனால் விண்டோஸே ரெக்கவரி திரையைக் காட்டும். அதில் சேஃப் மோட் இருக்கிறது, கடைசி அப்டேட்டை நீக்கும் வசதி இருக்கிறது, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வசதியும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதைத் தேர்வு செய்தால் பிழைத் திரை ஓடி ஒளியாமல் நிற்கும். அதில் உள்ள குறியீட்டை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டால், மெக்கானிக் பாதி வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். லினக்ஸ் சர்வர் என்றால், ஆன் ஆகும்போது வரும் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்வு செய்து பார்ப்பது அந்தத் துறையினர் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று.

அதே திரையில் இருக்கும் 'ரீசெட்' பட்டனிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்று தேர்வு செய்தாலும், தனியாகப் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். பில்லிங் சாஃப்ட்வேர் தன் கணக்குகளை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறது என்று தெரியாமல் அதை அழுத்தக் கூடாது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி டேட்டாவை நகல் எடுக்க சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. கேஸ் போதும். அன்று கிளவுட் சர்வர்களில் செய்தார்களே, அதே வேலைதான்.

புது லேப்டாப்களில் இதற்கும் அந்த 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு திறக்கப்பட்ட பல விண்டோஸ் 11 லேப்டாப்களில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி அந்தக் கணக்கில் இருக்கும், வேறு மொபைலில் லாகின் செய்தும் எடுக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது? வாங்கிய அன்று கடைப் பையன் தன் அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி உருவாக்கியிருப்பார், அல்லது துபாயில் இருக்கும் மகன் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்திருப்பார். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதைக் கேட்டு, சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடலாம். லேப்டாப் பையில் வேண்டாம்.