வைப்பாட்டி என்று எழுதிய கை

பழைய பதிவேடுகள் பொய் சொல்லா என்பது நம்மிற் பலரது நம்பிக்கை. குடும்ப வரலாறு தேடப் புகுவோர் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்துவிட்டால் உண்மையையே கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர். அந்த வரியை எழுதியவர் யார், எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய கைதிகளுள் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். இவர்களைப் பற்றி 1806-ஆம் ஆண்டில் சாமுவேல் மார்ஸ்டன் என்னும் ஆங்கிலிக்கன் போதகர் ஒரு பட்டியல் தயாரித்தார். நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்திலிருந்த பெண்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்தார்: மணமானவள், வைப்பாட்டி. 1,430 பெண்களில் மணமானோர் 395 பேர். எஞ்சிய 1,035 பேருக்கும் கிடைத்த பெயர் வைப்பாட்டி.

இந்தக் கணக்கு எவ்வாறு வந்தது? தம் சபையின் சடங்குப்படி நடந்த மணம் ஒன்றே மார்ஸ்டனுக்கு மணம். கத்தோலிக்க முறைப்படி மாலை மாற்றிக்கொண்டாலும், யூத முறைப்படி கைப்பிடித்தாலும், அவள் வைப்பாட்டியே. பல ஆண்டுகள் ஒருவனோடு உண்மையாக வாழ்ந்து, அவன் பிள்ளைகளை வளர்த்தவளும் வைப்பாட்டியே. அக்குடியேற்றத்தில் கத்தோலிக்கரின் நிலை என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1798-ஆம் ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சியை ஒட்டி நாடு கடத்தப்பட்ட அருள்திரு ஜேம்ஸ் டிக்சன், 1803 மே 15 அன்று ஆளுநரின் அனுமதியோடு சிட்னியில் திருப்பலி நிறைவேற்றினார். மறு ஆண்டே, காசில் ஹில் கிளர்ச்சியைக் காரணங்காட்டி அந்த அனுமதி பறிக்கப்பட்டது. குருவின் கையைக் கட்டிவிட்டு, மக்களைப் பார்த்து "உங்கள் மணம் மணமன்று" என்பது எவ்வகை நீதி? அப்பட்டியலில் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி குறைவு. எழுதியவரின் மனத்தைப் பற்றிய செய்தியே மிகுதி.

இனி ஒரு பெண்ணின் வாழ்வைப் பின்தொடர்வோம். மேரி வேட் இலண்டன் தெருக்களில் துடைப்பத்தால் பாதை பெருக்கியும் இரந்தும் பிழைத்த சிறுமி. எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியின் கவுனையும் தொப்பியையும் பறித்த குற்றத்துக்காக, 1789 ஜனவரியில் ஓல்டு பெய்லி நீதிமன்றம் அவளுக்கும் அவள் தோழிக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அப்போது மேரிக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை. சில வாரங்களில் அத்தண்டனை நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. 'லேடி ஜூலியானா' என்னும் கப்பல் அவளை 1790 ஜூன் மாதம் சிட்னியில் இறக்கியது. அங்கிருந்து நார்போக் தீவுக்கு அனுப்பப்பட்டாள்.

அதே காலத்தில் அத்தீவில் ரால்ப் கிளார்க் என்ற படை அதிகாரி பணியாற்றினார். கைதிப் பெண்களைக் கேவலமான சொற்களால் தூற்றும் வரிகள் அவருடைய நாட்குறிப்பில் நிறைய உண்டு. ஊரில் மனைவி இருக்க, அவரே அத்தீவில் மேரி பிரானம் என்ற கைதிப் பெண்ணின் குழந்தைக்குத் தந்தையானார். குழந்தைக்குத் தம் மனைவியின் பெயர்களுள் ஒன்றான அலிசியா என்பதையே சூட்டினார்கள். அப்பெண்களின் நடத்தைக்குச் சாட்சியாக நாம் அழைக்கும் மனிதர் இத்தகையவர்!

மேரி வேட் அத்தீவிலேயே தாயானார். பின்னர் சிட்னிக்குத் திரும்பி, ஜோனத்தன் புரூக்கர் என்பவரோடு குடும்பம் நடத்தினார். இருவரும் 1817-இல் சபை முறைப்படி மணந்துகொண்டனர். மார்ஸ்டனின் அளவுகோலை வைத்தால் அதுவரை அவர் வைப்பாட்டி. சடங்கு முடிந்த மறுகணம் மனைவி. ஆனால் முன்தினம் சோறு பொங்கிய அதே கைதானே மறுதினமும் பொங்கியது? 1823-இல் காட்டுத்தீ அவர்களுடைய வீட்டையும் உடைமைகளையும் விழுங்கியது. மீண்டும் எழுந்தனர். 1828-இல் இல்லவாராப் பகுதியில் அவர்களிடம் 62 ஏக்கர் நிலம் இருந்தது. 1833-இல் கணவர் இறந்தார். மேரி 1859 வரை வாழ்ந்தார். நீதிமன்ற ஏட்டில் அவருக்குக் கிடைத்தவை சில பக்கங்கள். அதன்பின் அவர் வாழ்ந்ததோ எழுபது ஆண்டுகள். எதை வைத்து அவரை அறிவது?

வழித்தோன்றல்கள் என்ன செய்தார்கள்? நெடுங்காலம் மறைத்தார்கள். கைதி வம்சம் என்பது ஆஸ்திரேலியாவில் தலைமுறைகள் தாண்டியும் தீராத களங்கமாயிருந்தது. 1792-இல் கைதியாக வந்திறங்கிப் பெருவணிகராக உயர்ந்த மேரி ரைபியே, ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்டதைச் சாக்காக வைத்து, 1828 குடிக்கணக்கில் தாம் 1821-இல் சுதந்திரமாக வந்தவர் என்று பதிந்துகொண்டார். இன்றோ அவருடைய முகம் அந்நாட்டின் இருபது டாலர் தாளில் இருக்கிறது. கைதி மூதாதை கிடைத்தால் இப்போது பெருமை. மேரி வேட்டின் வழியில் கெவின் ரட் என்ற பிரதமர் தோன்றினார் என்று மகிழ்ந்து சொல்கின்றனர்.

மறைத்தது தவறு என்போர் இந்தப் பெருமையையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பிரதமர் தோன்றாத வம்சத்துப் பெண்ணின் கதி என்ன? தீவிலேயே பிள்ளையின்றி இறந்தவளை யார் தேடுவார்? பேரனின் பதவியால்தான் பாட்டிக்கு மதிப்பு என்றால், இதுவும் மார்ஸ்டனின் பட்டியலைப் போன்றதே; வகைகளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

மார்ஸ்டன் நம்மவர் அல்லர் என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நம் திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும், தந்தை அறியப்படாதவர் என்றும் முறையற்ற பிறப்பு என்றும் இலத்தீனில் எழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, முறையான மணத்தில் பிறவாதவன் விலக்குப் பெற்றாலன்றிக் குருத்துவம் பெறத் தடை விதித்தது. அத்தடை 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில்தான் நீங்கியது. பச்சிளங் குழந்தையின் நெற்றியில் தண்ணீரை ஊற்றி, அதன் பெயருக்கு எதிரே பழியை எழுதியது நம் கையுந்தான்.

ஆகவே குடும்ப வரலாறு எழுத முனைவோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வம்சத்தில் பழி சுமந்த பெண் ஒருத்தி தென்பட்டால், அவள் பெயரை மறைக்காதீர்கள். அவளை வைத்துப் பெருமையும் பேசாதீர்கள். அவள் பெயரை முழுதாக எழுதுங்கள். எங்கே வாழ்ந்தாள், எதை உழுதாள், யாரை வளர்த்தாள், எதை இழந்து எவ்வாறு எழுந்தாள் என்று தேடி எழுதுங்கள். பழைய ஏடு அவளுக்கு இட்ட பெயரைக் குறிப்பிட நேர்ந்தால், அதை இட்டவர் யார் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.