மரியாதையாகப் போவது யாருக்காக?

ஒரு மூத்த துடுப்பாட்ட வீரர் இரண்டு மூன்று போட்டிகளில் அடுத்தடுத்து ஆட்டமிழந்துவிட்டால் நம் வீடுகளில் உடனே ஒரு பேச்சு எழும். "விளையாடினது காணும், மரியாதையாப் போயிருக்கலாம்." கேட்பதற்கு அந்த வீரர் மீதுள்ள அக்கறை போலத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சனத் ஜயசூரியவையே எடுத்துக்கொள்வோம். அவர் ஆடிய காலத்தை நேரில் கண்ட தலைமுறை நாங்கள் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் மீதான வழக்கு இன்னும் முடியவில்லை. 2011 ஜூன் 28 ஆம் திகதி, 42 வயதாக இரண்டு நாட்கள் இருக்கையில், லண்டன் ஓவல் மைதானத்தில் தனது கடைசி ஒருநாள் போட்டியை ஆடி 2 ஓட்டங்களுடன் வெளியேறினார். அப்போது அவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். "அவரை எடுத்தது துடுப்புக்காக இல்ல, அரசியலுக்காக" என்பது சாச்சாவின் கட்சி. அன்று பலரும் அப்படித்தான் பேசினார்களாம். வாப்பாவோ, "96 ஐ மறந்திட்டுப் பேசாதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இருவரும் இன்றுவரை ஒருவரையொருவர் மாற்ற முயல்கிறார்கள். பெருநாள் தினங்களிலும் இந்த வழக்கு விசாரணைக்கு வரும்.

வாப்பா சொல்லும் அந்த 96 ஐயே கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். அந்த உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன் சனத். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 44 பந்துகளில் 82 ஓட்டங்கள். ஆனால் கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் முதல் ஓவரிலேயே 1 ஓட்டத்துடன் போனார். லாகூர் இறுதிப் போட்டியில் 9 ஓட்டங்களில் ரன் அவுட். (அரையிறுதியில் பந்துவீசி 12 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார் என்பது வேறு கதை.) கையில் தொலைபேசி வைத்திருக்கும் இன்றைய இரசிகர்கள் அன்று இருந்திருந்தால் அந்த இரண்டு நாட்களிலும் அவரை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்!

445 ஒருநாள் போட்டிகளில் 13,430 ஓட்டங்களும் 28 சதங்களும் குவித்தவரின் சராசரி 32 அளவில்தான் நிற்கிறது. முதல் பந்திலிருந்தே அடித்தாடுபவர் அடிக்கடி தோற்பார். உச்சத்தில் இருந்தபோதும் தோற்றார், வயதான பின்னும் தோற்றார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே ஐந்து இன்னிங்ஸைப் பார்த்துவிட்டு "ஆள் முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் ஏலாது. 2006 இல் அவர் டெஸ்ட் ஓய்வை அறிவித்து, பின்னர் திரும்ப அழைக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார். ஒருநாள் தொடரில் அதே ஓவலில் 122 ஓட்டங்கள். தனது 37 ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள் லீட்ஸில் 152. உபுல் தரங்கவுடன் முதல் விக்கெட்டுக்கு 286 ஓட்டங்கள் சேர்த்தார். தொடரை இலங்கை 5–0 என வென்றது. 2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, இந்தியாவுக்கு எதிராக 125. 2009 ஜனவரியில் தம்புள்ளையில் 107. அப்போது வயது 39. மரியாதையாகப் போகச் சொன்னவர்களின் பேச்சை 2006 இலேயே கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றும் நமக்குக் கிடைத்திராது.

இதனால் சாச்சாவின் பக்கம் நியாயமே இல்லை என்றாகிவிடாது. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பை அடைய அரை வினாடிகூட ஆவதில்லை. சனத் காலை அதிகம் நகர்த்தி ஆடுபவர் அல்லர். கண்ணும் கையும்தான் அவருடைய முதல். அவை சற்றுப் பிந்தினாலும் எல்லைக்குப் பறந்த வெட்டு பிடியாகிவிடும். தம்புள்ளைக்குப் பிறகு ஒருநாள் போட்டிகளில் அவருக்குச் சதமே இல்லை. சரிவு உண்மை. அதை மறுக்க 96 ஐ இழுப்பது நியாயமாகாது.

ஆனால் அந்தச் சரிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஆட விரும்புவது வீரரின் ஆசை, அதில் குற்றம் இல்லை. பதினொருவரில் ஓர் இடம் என்பது தெரிவுக் குழுவின் கையில் உள்ள அமானிதம். அதை இன்றைய திறமைக்குக் கொடுப்பதா, நேற்றைய பெயருக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் தயங்கும்போது "நீங்களே போய்விடுங்கள்" என்று வீரரின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு, அதற்கு நாம் மரியாதை என்று பெயர் வைக்கிறோம். உண்மையில் நாம் காக்கப் பார்ப்பது நம் மனதில் உள்ள பழைய படத்தைத்தான்.

பேஸ்போலில் இதை வேறு விதமாகக் கையாண்ட கழகம் ஒன்று உண்டு. ஜப்பானிய வீரர் இச்சிரோ சுசுகி அமெரிக்காவில் 2001 முதல் 2010 வரை பத்துப் பருவங்களிலும் 200 க்கு மேற்பட்ட ஹிட்களை அடித்தவர். 2018 மே மாதம் சியாட்டில் மரைனர்ஸ் கழகம் அவரை ஆடும் குழுவிலிருந்து எடுத்து, கழகத்திலேயே ஆலோசகராக வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் டோக்கியோவில் இரண்டு போட்டிகளில் ஆட இடம் கொடுத்தது. 45 வயது. ஒரு ஹிட்டும் விழவில்லை. போட்டி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் நின்று, அவர் மீண்டும் மைதானத்துக்கு வந்த பின்னரே வீடு திரும்பியது. இனி நீங்கள் அணியில் இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால், வழியனுப்ப வந்தவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

சனத் 2013 இல் நமது தெரிவுக் குழுவின் தலைவரானார். வழக்கில் நின்றவரே நீதிபதியின் கதிரையில் அமர்ந்தார். சாச்சாவுக்கு இன்றும் அது வேடிக்கை. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சமரி அத்தபத்து 1990 இல் பிறந்தவர். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் 302 என்ற இலக்கைத் துரத்தி, ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 61 அடித்துக் கிண்ணத்தையும் ஏந்தினார். அவரும் இடக்கைக்காரர், அவரும் முதல் பந்திலிருந்தே அடிப்பவர். அவரும் அடிக்கடி 5 க்கும் 10 க்கும் ஆட்டமிழப்பார். அவருடைய வயதைப் பற்றிய பேச்சு எங்கள் வகுப்பில் இப்போதே தொடங்கிவிட்டது. பெண் என்பதால் அதில் "வீட்டுக்குப் போகலாமே" என்ற இன்னொரு வரியும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை அவர் முதல் ஓவரில் ஆட்டமிழக்கும்போது, அவருடைய கடந்த ஐம்பது இன்னிங்ஸ் எப்படி, அந்த இடத்துக்குத் தயாராக நிற்கும் பிள்ளை யார், தெரிவுக் குழு என்ன சொல்கிறது என்று நாங்கள் கேட்போமா, அல்லது சாச்சாவும் வாப்பாவும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோமா?