முழங்காலில் ஊறும் கேணி

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாப் பகுதியில் குறிஞ்சாக்கேணி என்றோர் ஊர் உண்டு. ஒரு கொடியும் ஒரு நீர்நிலையும் அவ்வூரின் பெயரிலேயே கூடியிருக்கின்றன. குறிஞ்சா இலையை நன்கு மென்றபின் ஒரு சிட்டிகை சீனியை நாவில் இட்டுப் பார்த்தவர்கள் அவ்விலையின் விந்தையை அறிவார்கள். சீனி இனிப்பதில்லை; மணலைத் தின்பது போலிருக்கும். இலையிலுள்ள சில பொருள்கள் நாவின் சுவையரும்புகளைச் சிறிது நேரம் இனிப்பறியாமற் செய்துவிடுகின்றன. சீனி எங்கும் போய்விடவில்லை. அதன் இனிப்புத்தான் மறைந்து நிற்கிறது.

நமது உடலும் இத்தகையதொரு மறைப்பு வித்தையை நாள்தோறும் நடத்தி வருகிறது. நாம் உண்ணும் சோற்றிலிருந்து பெற்ற வெல்லத்தை எடுத்து, இனிப்பே இல்லாத வழுவழுப்பான ஒரு பொருளாக மாற்றி, மூட்டுகளிலும் தோலிலும் கண்ணிலும் நிறைத்து வைக்கிறது. அப்பொருளின் பெயர் ஹயலூரோனிக் அமிலம். இவ்வாரம் அதனைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

இதனை இப்பொழுது பேசக் காரணம் உண்டு. வயலிற் குனிந்தும், களப்பில் வலை இழுத்தும், மாடுகளின் பின்னே மைல் கணக்கில் நடந்தும் உழைத்த முழங்கால்கள் குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு உள்ளன. ஐம்பது ஆண்டுகளாக ஐவேளையும் நெற்றி நிலத்திற்பட மண்டியிட்டு எழுந்த ஒரு முதியவர், ஒரு நாள் தொழுகைக்கு நாற்காலி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கம் அதற்கு இடங்கொடுத்திருக்கிறது; ஆயினும் அவர் மனம் நிலத்தையே நாடும். வாப்பாவின் வேதனையைக் காணப் பொறுக்காத பிள்ளைகளின் கண்ணில் ஒரு விளம்பரம் படுகிறது. ஹயலூரோனிக் அமிலக் குளிகை, ஹயலூரோனிக் அமிலப் பூச்சு, ஹயலூரோனிக் அமில ஊசி! பட்டியில் நிற்கும் மாடுகளில் ஒன்றை விற்றாவது வாங்கிவிடலாமா என்று வீட்டார் கூடி யோசிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொல்வது? உடல் அப்பொருளை எவ்வாறு ஆக்குகிறது என்பதை அறிந்தால் விடை தானே கிடைக்கும்.

மாட்டைப் பற்றிப் பேசினோம். இப்பொருளை உலகுக்குக் காட்டியதும் மாடுதான். 1934ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், கார்ல் மேயர், ஜோன் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்களை ஆராய்ந்தனர். விழியினுள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழிலிருந்து அதுவரை எவரும் அறியாத ஒரு பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அதில் அடங்கியிருந்த ஊரோனிக் அமிலத்தின் பெயரையும் இணைத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். பின்னர் அதே பொருள் குழந்தையின் தொப்புள்கொடியிலும், சேவலின் கொண்டையிலும், மனிதரின் மூட்டு நீரிலும் இருப்பது தெரியவந்தது. அமிலம் என்ற சொல்லைக் கேட்டு மாணவர்கள் அஞ்ச வேண்டாம். உடலில் இது பெரும்பாலும் உப்பு நிலையிலேயே உள்ளது; எதனையும் அரிப்பதில்லை. இதனாலேயே 1986இல் ‘ஹயலூரோனன்’ என்னும் பொதுப்பெயர் முன்மொழியப்பட்டது.

இதன் அமைப்பு மிக எளியது. இரண்டு நிற மணிகளை மாறிமாறிக் கோத்த நீண்ட மாலையை மனத்திற் கொள்ளுங்கள். ஒரு மணி குளுக்குரோனிக் அமிலம். மற்றது அசற்றைல் குளுக்கோசமைன். இரண்டுமே குளுக்கோசு என்னும் வெல்லத்தின் பிள்ளைகள். ஒரு மாலையில் இத்தகைய இணைகள் 10,000க்கு மேலும் இருக்கும். நீட்டிப் பிடித்தால் அந்த நூல் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு நீளம் வரும். நுண்ணிய கலங்களின் உலகில் இது மிகப் பெரிய நீளம்.

இந்த நூல் நீரை எப்படிப் பிடித்து வைக்கிறது? களப்பில் வலை வீசுவோர் இதனை எளிதில் உணர்வர். கரையிற் சுருட்டிக் கிடக்கும் வலை ஒரு கூடைக்குள் அடங்கிவிடும். நீரில் விரிந்தாலோ, அத்தனை சிறிய நூல் எத்தனை பெரிய நீர்ப்பரப்பைத் தன்னுள் அடக்குகிறது! ஹயலூரோனன் நூலும் நீரில் அவிழ்ந்து பருத்து, ஏராளமான நீரைத் தன் மடிப்புகளுக்குள் தங்க வைக்கிறது. நலமுள்ள முழங்காலில் உள்ள மூட்டு நீர் ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாது. அதன் ஒவ்வொரு மில்லிலீட்டரிலும் இப்பொருள் 2 முதல் 4 மில்லிகிராம் வரையே உண்டு. ஆயினும் நாம் மெல்ல நடக்கும்போது நெய்ப்பசையாகவும், துள்ளிக் குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையாகவும் அந்நீர் பணிபுரிவதற்கு இச்சிறு அளவு பெருந்துணையாகிறது.

இனி உற்பத்தி முறையைக் காண்போம். சோறு செரித்துக் குளுக்கோசாகி, இரத்தத்தின் வழியே கலங்களை அடைகிறது. அங்கே அதன் ஒரு பகுதி ‘யூ.டி.பி.’ என்னும் சுமைகாவியின் தோளில் ஏற்றப்பட்டு, ஒட்சியேற்றம் பெற்றுக் குளுக்குரோனிக் அமிலமாகிறது. இன்னொரு பகுதி, குளுற்றமைன் என்னும் அமினோ அமிலத்திடமிருந்து நைதரசனைக் கடன் பெற்று, அசற்றைல் என்னும் சிறு துண்டையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் வகை மணியாகிறது. அதனைச் சுமப்பதும் அதே வகைச் சுமைகாவிதான்.

இரு வகை மணிகளும் ஆயத்தமானபின் கோக்கும் வேலை தொடங்குகிறது. இதைப் போன்ற வேறு சில வெல்ல நூல்களை உடல் கலத்தின் உள்ளறையிலேயே செய்து முடித்து வெளியே அனுப்புகிறது. ஹயலூரோனனின் வழி வேறு. அதனைக் கோக்கும் நொதியம் கலத்தின் வெளிமென்சவ்விலேயே, வாயிற்காவலன் போல அமர்ந்திருக்கிறது. உட்புறத்திலிருந்து மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் கோக்கிறது. கோத்த நூலை உடனுக்குடன் வெளிப்புறம் தள்ளுகிறது. சிலந்தி தன் உடலிலிருந்து இழையை வெளியிட்டுக்கொண்டே போவதைப் போன்ற காட்சி இது. இத்தனை நீண்ட நூலைக் கலத்தினுள்ளே சுருட்டி வைக்கும் தொல்லை இதனால் இல்லாமற் போகிறது.

மனிதரிடத்தில் இத்தகைய நொதியங்கள் மூன்று உள்ளன. அவற்றின் மரபணுக்கள் 1996ஆம் ஆண்டளவில் அடையாளங் காணப்பட்டன. இரண்டாவது நொதியம் இல்லாத எலிக்கருக்களின் இதயம் செவ்வனே உருவாகவில்லை என்றும், அவை பிறக்குமுன்பே மடிந்தன என்றும் 2000ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். முழங்காலுக்கு எண்ணெய் என்று நாம் நினைத்த பொருள், கருவில் இதயம் உருவாவதற்கே தேவைப்படுகிறது என்றால் அதன் பெருமையை என்னென்பது!

ஆக்குவதைப் போலவே அழிப்பதிலும் உடல் சோம்பலின்றி இருக்கிறது. ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஹயலூரோனன் சுமார் 15 கிராம் உள்ளது; அதிற் பாதிக்கு மேல் தோலில் உண்டு. இந்தப் பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 கிராம், நாள்தோறும் அழிந்து புதிதாக ஆக்கப்படுகிறது. நூல்களை வெட்டும் நொதியங்கள் வேறு உள்ளன. வெட்டுண்ட துண்டுகள் நிணநீர் வழியே சென்று, இறுதியில் ஈரலில் மீண்டும் வெல்லமாகச் சிதைகின்றன. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. நாம் தேநீரில் இடும் அந்தச் சிறிய அளவை உடல் ஓசையின்றி நாள்தோறும் கோத்தும் அவிழ்த்தும் வருகிறது.

இங்கேதான் குறிஞ்சாக்கேணியின் இரண்டாம் சொல் நினைவுக்கு வருகிறது. ஹயலூரோனன் பெட்டியிற் பூட்டிய பொன் அன்று. ஊறிக்கொண்டும் வற்றிக்கொண்டும் இருக்கும் கேணி. கேணி வற்றினால் வெளியிலிருந்து ஒரு குடம் நீரை ஊற்றி அதனை நிறைத்துவிட முடியுமா? ஊற்றுக்கண் எப்படி இருக்கிறது என்றல்லவா முதலிற் பார்க்க வேண்டும்?

முழங்காலின் ஊற்றுக்கண் மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு. மூட்டு தேய்ந்து அழற்சி கொள்ளும்போது அங்கே நீர் மிகுந்து, உள்ள ஹயலூரோனனும் ஐதாகிறது. நூல்களும் துண்டுபட்டுக் குறுகுகின்றன. குளிகையாக விழுங்கும் ஹயலூரோனிக் அமிலத்தின் நீண்ட நூல் அப்படியே முழங்காலைச் சென்றடைவதில்லை. அது குடலிலேயே சிதைகிறது. பூச்சாக இட்டால் தோலின் மேற்புறத்தில் ஈரத்தை நிறுத்தி மினுமினுப்புத் தரும், மூட்டுக்குள் இறங்காது. ஊசியாக மூட்டினுள்ளேயே செலுத்தினாலும், கேணி வெளி நீரை நெடுநாள் வைத்திருப்பதில்லை. 169 ஆய்வுகளை, 21,000க்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களோடு சேர்த்து நோக்கிய ஒரு பெரு மதிப்பீடு 2022இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. வெறும் உப்பு நீர் போன்ற போலி ஊசிக்கும் இவ்வூசிக்கும் வலி தணிப்பதில் உள்ள வேற்றுமை மிகச் சிறிது என்றும், நோயாளி உணரத்தக்க அளவினதன்று என்றும் அது முடிவு கூறியது.

இதனால் இப்பொருள் மருத்துவத்திற்கே உதவாதது என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1980ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டு, கண்புரை அறுவையின்போது கண்ணின் மென்மையான உட்புறத்தைக் காக்க இக்கூழைப் பயன்படுத்தி வருகின்றனர். உலர்ந்த கண்களுக்கும் இது துளிமருந்தாகிறது. மாட்டின் கண்ணில் தொடங்கிய கதை மனிதரின் கண்ணுக்கு ஒளி தந்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் உதவும் பொருள் எல்லா இடத்திலும் உதவும் என்று விற்பவர் சொன்னால், வாங்குபவர் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அப்படியானால் அம்முதியவருக்கு வழியே இல்லையா? உண்டு. இறைக்கிற கிணறுதான் சுரக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. மூட்டை அசைக்கும்போது ஹயலூரோனன் மிகுதியாகச் சுரப்பதை விலங்குகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டு நீரே அதற்கு உணவூட்டுகிறது. அசைவே அவ்வுணவை உள்ளே செலுத்துகிறது. எனவே வலிக்கு அஞ்சி முடங்கிவிடாமல், தாங்குமளவு நடப்பதும், நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையை வலுப்படுத்துவதும் நல்ல மருந்து. உடல் பருத்தவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்பதும் அளந்து அறிந்த உண்மை. மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிச் சூடு கண்டாலோ, காய்ச்சலும் கூடினாலோ காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாட வேண்டும்.

தேய்ந்த மூட்டு மீண்டும் இளமையடையும் என்று நாம் வாக்களிக்கவில்லை. பயிற்சியால் வலி குறையலாம், நடை எளிதாகலாம். அதன் பின்னும் நிலத்தில் மண்டியிட இயலாவிடில் நாற்காலியில் அமர்ந்து தொழுவதில் இழிவு ஏதுமில்லை. உழைத்த முழங்கால் அது. பிள்ளைகள் மாட்டை விற்க வேண்டாம். மாலை வேளையில் வாப்பாவின் கையைப் பிடித்துக் களப்புக்கரை வரை ஒரு நடை அழைத்துச் சென்று வரட்டும். அவர் உண்ட சோற்றிலிருந்து அன்றைய ஒரு தேக்கரண்டி ஹயலூரோனனை அவருடைய உடல் தானாகவே ஆக்கிக்கொள்ளும்.