இலவச மின்சாரமும் பாறை நீரும்

தமிழகப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. அங்கு நீர் தங்குவது மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே விரிசல்களிலும் மட்டுமே. கோவைப் பகுதியில் என் தந்தை கவலை இறைத்த காலத்தில் மாடுகள் களைத்தால் இறைப்பும் நின்றது. இன்று அதே தோட்டத்தில் 1,000 அடி ஆழ்துளைக் கிணறு; பாதி நாள் காற்றுதான் வருகிறது.

1990 முதல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசம். கூடுதலாக ஒரு மணி நேரம் இறைக்கச் செலவே இல்லையெனில் எவர் நிறுத்துவார்? நிறுத்தினாலும் அதே விரிசலிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்வார். ஆகவே போட்டி ஆழத்தில் நடக்கிறது. கடன் வாங்கித் துளையிட இயலாத சிறு விவசாயியே முதலில் வெளியேறுகிறார்.

2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. இலவசத்தை நீக்கச் சொல்லவில்லை. எந்த அரசும் அதற்குத் துணியாது. பஞ்சாப் 2018-இல் மீட்டர் பொருத்தி, சேமித்த யூனிட்டுக்கு 4 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. அதை இங்கே ஓர் ஒன்றியத்திலேனும் சோதிக்கலாம்.