ஆள் தருவோர் போட்டியும் தோட்டத்துச் செக்ரோலும்

விடியற்காலையில் கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து குமுளி மலைச்சாலையில் ஏறும் ஜீப்புகளை வண்டிப்பெரியார் வட்டாரத்தார் நன்கறிவர். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களைத் திரட்டி அனுப்புகிறவர் ஜீப் ஏஜெண்டு.

இத்தொழில் புதிதன்று. வெள்ளையர் காலத்தில் கங்காணி முன்பணம் கொடுத்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஆள் பிடித்தார். தலைக்கு இவ்வளவென்று கமிஷன் பெற்றார். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து, பீருமேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. நிரந்தரத் தொழிலாளிகள் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர்.

இன்று ஏஜெண்டுகளுக்குள் போட்டி கடுமையாகியுள்ளது. ஒருவர் மாலையிலேயே கூலியைக் கையில் தருகிறார். மற்றவர் வீட்டருகே ஜீப்பை நிறுத்துகிறார். 2020-இல் கொரோனாவால் எல்லை அடைபட்டபோது ஜீப்புகள் முடங்கின. அசாம், ஜார்க்கண்ட் ஆட்களைக் கொண்டுவருபவருக்கு அந்தத் தொல்லை குறைவு. அவருடைய ஆட்கள் தோட்டத்து லயங்களிலேயே தங்குகிறார்கள். ரயில் சார்ஜை முன்பணமாகக் கொடுத்துக் கூலியில் பிடிப்பவரும் உண்டு. கங்காணியின் கோட்டு மட்டும் மாறியிருக்கிறது!

ஏஜெண்டை மட்டும் ஏசிப் பயனில்லை. வேலையும் உடனே காசும் கிடைப்பதால்தான் பெண்கள் அவரை நம்புகின்றனர். ஆனால் தோட்டத்துக்கு இந்த ஏற்பாடு மலிவாகத் தோன்றுவதேன்? பி.எப்., போனஸ், பணிக்கொடைப் பொறுப்பு கைகழுவப்படுவதால்தான். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் சேவை வேண்டும். ஒரே ஏலக்காட்டில் பத்தாண்டு களையெடுத்த பெண்ணிடம், அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இராது.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குக் குறைவாக வைத்திருந்த ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டது. 2025 நவம்பர் 21-இல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50 ஆகிவிட்டது. இரண்டு ஜீப் வைத்திருப்பவர் இந்த வலையில் எப்படிச் சிக்குவார்? ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் முதலாளியே தரவேண்டும் என்ற விதி பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. ஆனால் அங்கே வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமே!

ஆகவே, எந்த ஏஜெண்டு அழைத்து வந்தாலும், ஒவ்வொரு பெயரையும் ஊருடன் தோட்டமே தன் செக்ரோலில் எழுதிச் சீட்டுத் தரவேண்டும். தொழிற்சங்கங்கள் ஜீப்பில் வருவோரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். தோட்ட இன்ஸ்பெக்டர் ஒருநாள் காலை குமுளியில் நின்று ஜீப்புகளிலுள்ள தலைகளை எண்ணட்டும். அன்று மாலையே தோட்டத்து ஏட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.