‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’னு சொல்லாதீங்க!

செமஸ்டர் லீவு விட்டா நம்ம கவரைப்பேட்டை மாணவர்கள் பலர் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டியில் இறங்குவோம். சிப்காட்ல இன்ப்ளான்ட் ட்ரெய்னிங்! ஹெல்மெட், சேஃப்டி ஷூ எல்லாம் கேட்டு வாங்கறோம். சூப்பர்வைஸர் அத்துமீறினா என்ன செய்யணும்னு கேட்டிருக்கோமா?

“மெஷின்ல கை விடாதே!”னு கத்தறது அக்கறை. சாதியைச் சொல்லித் திட்டறது, கை ஓங்கறது, ராத்திரியில மெசேஜ் அனுப்பறது, ‘சர்ட்டிஃபிகேட் தரமாட்டேன்’னு மிரட்டறது... இதெல்லாம் அத்துமீறல்!

திண்டுக்கல் ‘நாச்சி அப்பேரல்ஸ்’ ஆலையில் வேலை பார்த்த ஜெயஸ்ரீ கதிர்வேல், 20 வயசு தலித் பெண். 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். கைதானவர், அவரோட சூப்பர்வைஸர். மாசக்கணக்கா தொல்லை இருந்ததுனு குடும்பத்தாரும் கூட வேலை பார்த்தவங்களும் பிறகு சொன்னாங்க. ஆனா, அப்போ வெளியே சொல்ல எல்லாருக்கும் பயம்.

பெண்கள் தலைமையிலான ‘தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன்’ விடலை. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாச்சு. 25 தொழிலாளிக்கு ஒருத்தர், அவங்களுக்குள்ளேயே ‘ஷாப் ஃப்ளோர் மானிட்டர்’. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் மீறினா, துணி வாங்கற பிராண்டே நடவடிக்கை எடுக்கணும். பூட்டின புகார்ப் பெட்டிக்குப் பதிலா, பக்கத்து மெஷின்லயே காது கொடுக்க ஒருத்தர்!

சரி, நாம என்ன செய்யலாம்?

* நடந்ததைத் தேதி, நேரம், சாட்சியோட அன்னிக்கே எழுதி வைங்க. மெசேஜை அழிச்சிடாதீங்க.

* காலேஜ்ல ட்ரெய்னிங்குக்குப் பொறுப்பான சாருக்கோ மேடத்துக்கோ எழுத்துல தெரிவிங்க.

* பாலியல் தொல்லைன்னா, பெண்களுக்கு 2013 சட்டம் இருக்கு. ட்ரெய்னி, அப்ரன்டிஸும் அதில் அடக்கம். 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்த்தா உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். 3 மாசத்துக்குள் புகார் தரணும். முதலாளி மேலயே புகார்னா, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கு.

* பசங்களே, இந்தச் சட்டம் நமக்குக் கிடையாது. ஆனா, அடிச்சாலோ மிரட்டினாலோ யாரும் போலீஸ்ல புகார் தரலாம். பலர் முன்னாடி சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினா, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும்.

முதல் நாளே நோட்டீஸ் போர்டைப் பாருங்க. புகார்க் குழு விவரம் ஒட்டியிருக்கணும்ங்கறது சட்டம். இல்லையா? ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.

கூட வந்த ஃப்ரெண்ட் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னா, “இன்னும் ரெண்டு வாரம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ”னு மட்டும் சொல்லிடாதீங்க. “வா, நானும் வர்றேன்”னு சொல்லுங்க!