எலெக்ட்ரானும் ஈமானும்

நம் மீலாது மேடைகளில் பல்லாண்டுகளாக ஒரு வாதம் உலவி வருகின்றது. “இறைவனைக் காட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். எலெக்ட்ரானைக் கண்ணால் கண்டவர் யார்? காணாமலேயே அதனை நம்புகின்றீர்களே! அப்படியே இறைவனையும் நம்புங்கள்!” என்று பேச்சாளர் முழங்குவார். கூட்டம் தக்பீர் முழக்கத்தால் அதிரும். நாத்திகர் வாயடைக்கப்பட்டார் என்ற நிறைவோடு அனைவரும் வீடு திரும்புவர்.

அந்த நிறைவில் நாம் பங்கு கொள்ள இயலவில்லை. இறைவனை நம்புகின்றவர்கள் என்ற முறையிலேயே சொல்கின்றோம்: இந்த ஒப்புமை பிழையானது. பிழையானது மட்டுமன்று, ஈமானுக்கே தீங்கு பயப்பது. மாற்றாரை வீழ்த்துவதாக எண்ணிக் கொண்டு நம் வீட்டு அடித்தளத்தையே தோண்டுகின்ற வேலை இது.

முதலாவதாக, இது விஞ்ஞானத்துக்கு இழைக்கப்படும் அநீதி. எலெக்ட்ரானைக் கண்ணால் கண்டவர் இல்லை என்பது மெய்யே. ஆனால் ஆதாரம் இன்றியா அதனை ஏற்றுக் கொண்டார்கள்? 1897ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன், காற்றகற்றிய கண்ணாடிக் குழாயினுள் பாய்ந்த கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்தார். வளைந்த அளவைக் கொண்டு, அத்துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணித்தார். பின்னர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளின் துணையால் அம்மின்னூட்டத்தையே அளந்து காட்டினார். இச்சோதனையை இன்று ஒரு கல்லூரி மாணவர் தம் ஆய்வுக் கூடத்தில் செய்து பார்க்கலாம். அவர் தொழுகையாளியா, நாத்திகரா என்று கருவி கேட்பதில்லை. இருவருக்கும் ஒரே விடையைத்தான் தருகின்றது. இதனைக் ‘காணாமல் நம்புதல்’ என்பது, கணக்கர் கூட்டிச் சரிபார்த்துச் சொன்ன தொகையைக் குருட்டு நம்பிக்கை என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது பிழை இதனினும் ஆழமானது. விஞ்ஞானக் கருத்து எதுவாயினும், பொய்யாகிப் போகக் கூடும் என்ற நிபந்தனையோடுதான் பிறக்கின்றது. வானியல் வரலாற்றில் இதற்குத் தெளிவானதோர் எடுத்துக்காட்டு உண்டு. யுரேனஸ் கோள் கணக்குக்கு ஒவ்வாத வகையில் தடம் பிறழ்வதைக் கண்ட பிரெஞ்சு வானியலார் லெவெரியே, அதற்கு அப்பாலிருந்து காணப்படாத கோளொன்று அதனை ஈர்க்கின்றது என்று கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வுக் கூடத்தில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் நின்றது.

“பார்த்தீர்களா, காணாததை நம்பினார், மெய்யாயிற்று!” என்று நம் பேச்சாளர் மகிழக் கூடும். கதை அங்கே முடியவில்லை. அதே லெவெரியே 1859இல் புதன் கோளின் போக்கிலும் ஒரு சிறு பிறழ்வை எடுத்துக் காட்டினார். அதே முறையில், சூரியனுக்கு மிக அருகில் காணப்படாத பொருள் ஏதோ இருந்தாக வேண்டும் என்றார். அங்கே ஒரு கோள் இருப்பதாகக் கொண்டு ‘வல்கன்’ என்று பெயரும் சூட்டினார்கள். கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் தேடியும் அது அகப்படவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டு புதனின் போக்கை விளக்கியபோது, வல்கனுக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. ஒரே மனிதர், ஒரே முறை, காணாத இரண்டு கோள்கள். ஒன்று இருந்தது, மற்றொன்று இல்லை!

வல்கனைக் கைவிட்டதற்காக விஞ்ஞானம் நாணவில்லை. சான்று எதிராகும்போது கைவிடத் துணிவதே அதன் நேர்மை. இப்போது கேட்கின்றோம்: இறைவனை எலெக்ட்ரானுடன் ஒரே வரிசையில் நிறுத்துகின்றவர், வல்கனுடனும் நிறுத்தச் சம்மதிப்பாரா? நாளை வேறொரு கொள்கை வந்து உலகை இன்னும் செம்மையாக விளக்கினால் ஈமானை விட்டுவிடச் சம்மதிப்பாரா? மாட்டார். நாமும் மாட்டோம். அப்படியாயின் விஞ்ஞானத்தின் மதிப்பை மட்டும் கடன் வாங்கிக் கொண்டு அதன் நிபந்தனையை ஏற்க மறுப்பது எவ்வகை நாணயம்?

இக்கேள்வி வெறும் தருக்க விளையாட்டன்று. மேடையில் கேட்ட வாதத்தை நெஞ்சில் ஏந்திக் கொண்டுதான் நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றார்கள். விஞ்ஞானக் கருத்துகள் திருத்தப்படுவதையும் தள்ளப்படுவதையும் அங்கே கற்கின்றார்கள். “இறைவனும் அப்படி ஒரு கருத்துதானே?” என்ற ஐயம் அவர்கள் உள்ளத்தில் எழுமாயின், அதனை விதைத்தவர் நாத்திகரல்லர். நம் மேடைப் பேச்சாளரே!

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதனைப் படித்து மகிழ வேண்டியதில்லை. “ஆய்வுக் கூடத்தில் காட்டுங்கள், ஏற்கின்றோம்” என்று அவர்கள் கேட்பதும் இதே பிழையின் மறுபக்கந்தான். இறைவனை உலகிலுள்ள பொருள்களுள் ஒரு பொருளாக, இன்னும் அகப்படாத ஒரு துகளாகக் கருதுவதில் இருசாராரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர். 1979ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்ட மூவருள், அப்துஸ் ஸலாம் இறைநம்பிக்கையாளர், ஸ்டீவன் வைன்பர்க் நாத்திகர். இருவரும் தனித்தனியே ஒரே கொள்கையை வந்தடைந்தார்கள். அக்கொள்கை ஸலாமின் ஈமானை மெய்ப்பிக்கவில்லை, வைன்பர்க்கின் மறுப்பையும் மெய்ப்பிக்கவில்லை. அது தன் வேலையைச் செய்தது. ‘அளந்து காட்டாத எதனையும் ஏற்க மாட்டோம்’ என்பவரையும் ஒன்று கேட்கின்றோம்: வாய்மை நன்று, வஞ்சகம் தீது என்பதை எந்தத் தராசில் நிறுத்துக் கண்டீர்கள்? நிறுக்காமலேயே அதற்காக வாழ்நாளெல்லாம் பாடுபடுகின்றீர்களே! அந்த நேர்மையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அது எலெக்ட்ரானை ஏற்கின்ற ஏற்பன்று என்பதை நீங்களும் ஒப்பியாக வேண்டும்.

அவ்வாறாயின் ஈமான் என்பதுதான் யாது? இறைவன் இருக்கின்றான் என்று ஒப்புக் கொள்வதொன்றே ஈமானாயின், இப்லீஸைவிடப் பெரிய நம்பிக்கையாளன் இருக்க முடியாது. இறைவனின் இருப்பில் அவனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவனிடத்தில் இல்லாதிருந்தது பணிவு. வானங்களையும் பூமியையும் படைத்தவன் அல்லாஹ்வே என்று மக்கத்துக் குறைஷிகளும் ஒப்புக் கொண்டிருந்ததைத் திருக்குர்ஆனே எடுத்துரைக்கின்றது. அவர்களோடு அதற்கிருந்த வழக்கு, ஒரு பொருள் உண்டா இல்லையா என்பதன்று. யாரைப் பணிவது, யாருக்கு முன் கணக்குக் கொடுப்பது என்பதே வழக்கு.

ஈமான், அமானத் என்னும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எலெக்ட்ரானை ஏற்றுக் கொள்வதனால் தராசை நேராகப் பிடிக்க வேண்டிய கடமை எந்தக் கடைக்காரருக்கும் பிறப்பதில்லை. அநாதையின் சொத்தைத் தொடக் கூடாதென்று அது எவரையும் தடுப்பதில்லை. ஈமானோ இவ்விரண்டையும் கேட்கின்றது. மழையையும் தேனீயையும் இரவு பகலின் மாறுதலையும் உற்று நோக்குமாறு திருமறை பணிப்பது மெய்தான். அவற்றை அது அத்தாட்சிகள் என்றே அழைக்கின்றது. தாய் எழுதிய கடிதத்தின் மையைச் சோதித்து, அதில் கலந்துள்ள பொருள்களைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் “மகனே, வா” என்ற அழைப்புக்குச் செவி கொடுப்பது வேறு வகை அறிவு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது.

இவ்விஷயத்தில் நமக்கு முன்மாதிரி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. மதீனாவில் அவர்களுடைய பச்சிளம் மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். ஒரு மார்க்கத்தைப் பரப்ப விழைபவருக்கு இதனினும் வாய்ப்பான சான்று கிடைக்குமா? வாய் திறவாமல் இருந்தாலே போதும், ஊர் முழுதும் நம்பியிருக்கும். மகனைப் பறிகொடுத்த அந்தத் துயர வேளையிலும், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று அண்ணலார் அறிவித்தார்கள். தமக்குச் சாதகமாக வந்த பொய்ச் சான்றைத் தாமே தள்ளினார்கள். மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் கிரகணக் கணக்கை எடுத்துக்காட்டியே இந்த எச்சரிக்கையை விடுத்தார்கள். மார்க்கத்தை முறையோடு எதிர்ப்பவரால் விளையும் தீங்கைவிட, முறைகேடாக ஆதரிப்பவரால் விளையும் தீங்கு பெரிது என்பதே அதன் சாரம். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அந்த எச்சரிக்கை நம் மேடைகளை எட்டவில்லை.

ஆகவே நம் பேச்சாளர்களை வேண்டிக் கொள்கின்றோம். எலெக்ட்ரானை விஞ்ஞானிகளிடமே விட்டு விடுங்கள். அதனை நம் பிள்ளைகள் ஆய்வுக் கூடத்தில் முறையாகக் கற்றுக் கொள்ளட்டும். நீங்கள் அமானத்தைப் பற்றிப் பேசுங்கள். கைதட்டல் குறையலாம். ஆனால் கேட்டுச் செல்கின்ற பிள்ளைக்கு, நாளை எந்தப் புதிய கொள்கை வந்தாலும் அஞ்ச வேண்டிய தேவை இராது.